உரிமை இல்லையாம், சலுகைதானாம்

போன வாரம், கவுண்டரில் கூட்டம் குறைந்த மத்தியான நேரம். பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான்; என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி வந்தவர். சிரித்துக்கொண்டே கேட்டார்: "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே சார், பிரமோஷன்ல ரிசர்வேஷன் உரிமையெல்லாம் கிடையாதுன்னு. அப்புறம் எதுக்கு உங்காளுங்க சங்கம், கேசுன்னு அலையறீங்க?"

நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்டதைத் தோழர்களுக்கு எழுதுகிறேன்.

இந்தச் சொல் நேற்று வந்ததல்ல. 1961இல் ரங்காச்சாரி வழக்கு. தெற்கு ரயில்வேயில் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடா என்று ஒருவர் வழக்குப் போட, சென்னை அய்க்கோர்ட் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதவி உயர்விலும் ஒதுக்கலாம் என்றது. அய்ந்து நீதிபதிகளில் மூன்று பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஒற்றை ஆள் வித்தியாசத்தில் நமக்கு வந்தது. நிலைத்ததா? 1963 நவம்பர் 8ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. முதல், இரண்டாம் வகுப்புப் பதவி உயர்வுகளில் ஒதுக்கீடு இனி இல்லை. சட்டம் திருத்தவில்லை, பாராளுமன்றத்தில் பேசவில்லை. ஒரு தாள், ஒரு கையெழுத்து. ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும், அரசியல் சட்டத்தைவிட சர்க்குலருக்குத்தான் பலம் அதிகம்.

அந்தத் தாளை எதிர்த்து சி.ஏ.ராஜேந்திரன் வழக்குப் போட்டார். ரயில்வே போர்டு செயலகத்தில் உதவியாளர், பட்டியல் சாதிக்காரர். என்னைப் போல ஃபைல் தள்ளுகிற ஆள் ஒருவர் இந்திய அரசாங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1967 செப்டம்பர் 29இல் அவர் மனு தள்ளுபடியானது. 16(4) பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது, உங்களுக்கு உரிமை தரவில்லை. அரசு விரும்பினால் செய்யலாம், செய்யாவிட்டால் யாரும் கேட்க முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம். பண்ணையார் மனசு வைத்தால் படி நெல் அளப்பார் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி எங்கள் வங்கிக் கதைக்கு வருகிறேன். கிளார்க்கிலிருந்து ஆபீசராக ஏறும் முதல் படியில் ஒதுக்கீடு உண்டு. ஸ்கேல் ஒன்றுக்கு மேலே ஏழு வரைக்கும் போகிற ஏணியில் கிடையாது. சென்ட்ரல் பேங்க் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கம் இதை எதிர்த்துச் சென்னை அய்க்கோர்ட்டுக்குப் போய், 2009 டிசம்பரில் ஜெயித்தது. வங்கி மேல்முறையீடு செய்தது. 2015 ஜனவரி 9இல் உச்ச நீதிமன்றம் அய்க்கோர்ட் தீர்ப்பை ஒத்துக்கொள்ளாவிட்டாலும், ஸ்கேல் ஆறு வரைக்கும் ஒதுக்கீடு உண்டு என்று படும்படி எழுதிவிட்டது. எங்கள் ஆட்கள் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

மறுசீராய்வு மனு போனது. 2016 ஜனவரி 8இல், ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைவாக, அதே இரண்டு நீதிபதிகளும் எங்கள் தீர்ப்பில் பார்த்தவுடனே தெரிகிற பிழை இருக்கிறது என்று அந்தப் பத்திகளை எடுத்துவிட்டார்கள். அரசாங்கக் குறிப்பாணை சொல்வது ஒதுக்கீடு இல்லையாம், சலுகையாம். நமக்குச் சாதகமாக ஒரு பிழை நேர்ந்தால் 364 நாளில் திருத்தப்படுகிறது. 1963இன் தாள் செய்த அநியாயத்துக்கு எந்த மறுசீராய்வு?

சரி, அது என்ன சலுகை? மேலே காலியாக இருக்கிற இடங்களின் எண்ணிக்கைக்குள் சீனியாரிட்டியில் வருகிற எஸ்.சி., எஸ்.டி. ஆபீசரை, "தகுதியற்றவர்" என்று யாரும் முடிவு செய்யாத பட்சத்தில், பட்டியலில் சேர்க்கலாம். கடைசி வார்த்தைகளைத் திரும்பப் படியுங்கள். தகுதியற்றவர் என்று முடிவு செய்வது யார்? மேலே உட்கார்ந்திருப்பவர். மேலே உட்கார்ந்திருப்பவர் யார்? ஒதுக்கீடு இல்லாததால் அங்கே போய்ச் சேர்ந்தவர். மூத்த தோழர் ஒருவரிடம் நேர்முகத்தில் கடன் வசூல் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்களாம். அவர் சொன்னார். பட்டியலில் பெயர் வரவில்லை. எந்தக் கோர்ட்டில் இதை நிரூபிப்பது?

பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கிப் பாருங்கள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் புழுதி. தனியார் ஆலைகளில் ஒதுக்கீடு என்ற பேச்சே இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருப்பது அரசு வேலையும் பேங்க் வேலையும்தான். அதுவும் முதல் படியோடு நின்றுவிடு என்கிறார்கள்.

2020 பிப்ரவரி 7இல் உத்தரகாண்ட் பொதுப்பணித்துறை பொறியாளர் வழக்கு. ஒதுக்கீடு வேண்டாம் என்று மாநில அரசே 2012இல் முடிவு எடுத்திருந்தது. அதற்குப் போதுமான பிரதிநிதித்துவம் இருக்கிறதா என்று புள்ளிவிவரம் சேகரிக்கச் சொன்னது அய்க்கோர்ட். தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஒதுக்கீடு கொடுப்பதென்றால் 2006 நாகராஜ் தீர்ப்புப்படி கணக்குக் காட்ட வேண்டும். கொடுக்காமல் விடுவதென்றால் கணக்கே வேண்டாம். பேங்க்கில் இப்படி ஒரு லெட்ஜர் எழுதினால் மறுநாளே மெமோ கொடுப்பார்கள்.

நம் ஆட்களையும் சொல்லாமல் விட முடியாது. மேலே போன சிலர் வாடகை வீட்டுக்காக சாதியை மறைப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியை, கீழே இருப்பவனின் ஃபைலில் காட்டியிருக்கலாம். நாம் அச்சடிக்கிற நோட்டீசிலேயே "சலுகைகளைப் பாதுகாப்போம்" என்று போடுகிறோம். அந்தச் சொல்லை முதலில் கிழித்துப் போடுங்கள்.

அரசு நினைத்தால் செய்யலாம் என்பதுதானே தீர்ப்பு? அப்படியானால் அரசைப் பிடிப்போம். பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்கான 117ஆவது திருத்த மசோதா 2012 டிசம்பரில் மாநிலங்களவையில் 206க்கு 10 என்று நிறைவேறியது. மக்களவையில் முடங்கி, 2014இல் செத்துப்போனது. அதற்குப் பிறகு பெரம்பலூர், அரியலூர் சேரிகளுக்கு ஓட்டுக் கேட்டு எத்தனை கார்கள் வந்து போய்விட்டன. அடுத்த கார் வரும்போது மறித்து நிறுத்தி, அந்த மசோதா எங்கே என்று கேளுங்கள். மாணவர்கள் முன்னால் நில்லுங்கள். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.