இயந்திர மூலை: சுற்றிக்கொண்டே இருக்கும் மரையாணி

பாரிஸ் புறநகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியுள்ளார். அவரிடம் இருப்பது 50 சி.சி. கொள்ளளவுள்ள, இரண்டடிப்பு எஞ்சின் பொருத்திய பழைய இத்தாலிய ஸ்கூட்டர். அதிகாலையில் வேலைக்குச் செல்ல அவருக்கு அதைவிட வேறு வாகனம் இல்லை. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் கூலி வண்டியின் பெறுமதியிலும் அதிகம் என்று கராஜில் கூறிவிட்டார்களாம். ஆகவே தாமே பிரித்து, புதிய தாங்கிகளும் ஒயில் சீல்களும் இட்டு மீண்டும் பூட்டியிருக்கிறார். வண்டி இயங்குகிறது. ஆனால் முறுக்கை விட்ட பின்னரும் எஞ்சினின் வேகம் இறங்க மறுக்கிறது. தீப்பொறிக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. எஞ்சின் பெட்டியை இணைக்கும் மரையாணிகளுள் ஒன்று எவ்வளவு முறுக்கினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று நன்றாக இறுகியிருந்தும் அதன் அருகே ஒயில் கசிகிறது. "இப்படியே ஓட்டலாமா?" என்பது அவரது கேள்வி.

ஓட்டக் கூடாது. காரணத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

நான்கடிப்பு எஞ்சினில் பெட்டியின் பொருத்து சிறிது தளர்ந்தால் ஒயில் வெளியே வரும், நிலம் அழுக்காகும், பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டடிப்பு எஞ்சின் அப்படியன்று. பெற்றோலும் காற்றும் கலந்த கலவை முதலில் இந்தப் பெட்டிக்குள்ளேதான் உறிஞ்சப்படுகிறது; பிஸ்டன் கீழிறங்கும்போது அங்கேயே அமுக்கப்பட்டு மேலே சிலிண்டருக்குச் செல்கிறது. எனவே பெட்டியில் மயிரிழையளவு இடைவெளி இருந்தாலும் காபுரேற்றர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெற்றோலின் பங்கு குறையும். அந்தப் பெற்றோலோடு கலந்து வரும் ஒயிலே பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் உயிர் என்பதால் மசகும் குறையும், வெப்பமும் ஏறும். வேகம் இறங்காமையும் வெளுத்த முனையும் இதற்கான அறிகுறிகளே. இந்நிலையில் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் செல்லும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டால் பின்சக்கரம் ஒரே கணத்தில் பூட்டிக்கொள்ளும். இழப்பு எஞ்சினோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இனி மரையாணிக்கு வருவோம். நம்மவர் பலரும் மரையாணி என்பது இரு பொருள்களை ஒட்டவைக்கும் ஆணி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு வில். முறுக்கும்போது உருக்காலான அதன் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது முயல்வதாலேயே இரு பாகங்களும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. ஆனால் நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறக்குறையப் பாதி ஆணித் தலையின் அடியில் ஏற்படும் உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரைகளின் உராய்விலும் செலவாகிவிடுகிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்கே தண்டை இழுக்கிறது. ஆகையால் கறள் பிடித்த மரை, அழுக்கு, சப்பையான வோஷர் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கைக்கு இறுகியதுபோலத் தோன்றும், உள்ளே பிடிப்பு இராது. மறுபுறம், உலர்ந்த மரைக்கெனக் குறிக்கப்பட்ட அளவை ஒயில் பூசிய மரைக்குப் பயன்படுத்தினால் ஆணி அளவுக்கு மீறி இழுபடும். அல்லது அலுமினியத்தில் வெட்டப்பட்ட மென்மையான மரை உரிந்துவிடும். "மரை கழன்றவன்" என்று மனிதரைச் சொல்லும் நாம், எஞ்சின்களின் மரையைக் கழற்றுவதில் மட்டும் தாராளமாக இருக்கிறோம்.

இத்தகைய சிறு எஞ்சின்களில் 6 மில்லிமீற்றர் மரையாணிக்கு வேண்டியது ஏறத்தாழ 10 முதல் 13 நியூட்டன் மீற்றர் மட்டுமே. 8 மில்லிமீற்றர் ஆணிக்கு அலுமினியத்தில் 20 முதல் 25 வரை. குறித்த எஞ்சினின் கைந்நூல் வேறு அளவைக் கூறினால் கைந்நூலின் சொல்லே இறுதியானது. கார்ச் சக்கரத்துக்குப் பயன்படும் பெரிய முறுக்கு அளவிச் சாவியை நண்பரிடம் இரவல் வாங்குவதில் பயனில்லை. 40 இல் தொடங்கும் கருவியால் 10 ஐ அளக்க முடியாது. பழைய இத்தாலியக் கைந்நூல்களில் அளவு கிலோகிராம் மீற்றரில் இருக்கும்; ஒரு கிலோகிராம் மீற்றர் என்பது 9.81 நியூட்டன் மீற்றர். ஆங்கில நூல்களில் வரும் இறாத்தல் அடி ஒன்று 1.36 நியூட்டன் மீற்றர். இவற்றை மாற்றி வாசித்து ஆணியை முறித்தோர் பலர்.

சிறிய அளவிச் சாவி இல்லாதோர்க்கு ஒரு வழி உண்டு. விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுப்பதற்காக நம் வீடுகள் பலவற்றில் கொளுக்கியோடு கூடிய சிறு விற்றராசு இருக்கும். அதைச் சாவியின் பிடியில், ஆணியின் மையத்திலிருந்து சரியாக 20 சென்ரிமீற்றர் தூரத்தில் மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக, மெதுவாக இழுக்கவேண்டும். தராசு 5 கிலோ காட்டும்போது முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர். 12 கிலோவில் 23.5. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குத்தான். வெடுக்கென்று இழுத்தால் கணக்குப் பிழைக்கும்.

வாசகரின் முதலாவது ஆணியைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை: அலுமினியப் பெட்டியின் மரை உரிந்துவிட்டது. பசை ஊற்றுவது, நூல் சுற்றுவது, சற்றுப் பருத்த ஆணியைப் பலவந்தமாக ஏற்றுவது எல்லாம் இன்றைய நாளைக் கடத்துமேயன்றி அடுத்த வாரத்தைக் கடத்தா. செய்யவேண்டியது கம்பிச் சுருள் மரை பொருத்துவதாகும். ஹெலிகொயில் என்ற பெயரில் கடைகளில் கேட்கலாம். 6 மில்லிமீற்றர் ஆணிக்கான தொகுதியில் 6.3 மில்லிமீற்றர் துளைப்பான், அதற்கேற்ற மரைவெட்டி, சுருள்கள், பொருத்தும் கருவி ஆகியவை இருக்கும். துளையை நேராகப் பெருப்பித்து, புதிய மரை வெட்டி, சுருளை மேற்பரப்பிலிருந்து கால் சுற்றேனும் கீழே இறங்கும்வரை திருகி, அதன் அடியிலுள்ள சிறு நாக்கை முறித்து வெளியே எடுத்துவிடவேண்டும். இப்படிப் பொருத்திய மரை முன்னிருந்த அலுமினிய மரையிலும் பலமானது. வெட்டும்போது துளைப்பானிலும் மரைவெட்டியிலும் கிறீஸ் பூசினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் பெட்டியைத் திறந்துவைத்தே இவ்வேலையைச் செய்யவேண்டும். புதிய தாங்கிக்குள் ஓர் அலுமினியத் துகள் புகுந்தால் செய்த செலவு முழுவதும் வீண்.

இரண்டாவது ஆணியே கூடுதலான கவனத்துக்குரியது. இறுகியது என்று அது பொய் சொல்கிறது. இத்தகைய பெட்டிகளில் ஆணிகள் ஒரே நீளமானவை அல்ல. நீளமான ஆணி குட்டையானதன் இடத்துக்கு வந்துவிட்டால், தலை பெட்டியைத் தொடுமுன் நுனி துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். அடிமூடிய துளையில் ஒயிலோ பழைய அழுக்கோ தேங்கியிருந்தாலும் அவ்வாறே. அவ்வேளையில் மேலும் முறுக்கினால், சிக்கிய ஒயில் பெட்டியையே வெடிக்கச் செய்யவும் கூடும். ஆணியைக் கழற்றி, ஒரு மெல்லிய கம்பியால் துளையின் ஆழத்தை அளந்து, ஆணி உள்ளே செல்லவேண்டிய நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடுத்த முறை பிரிக்கும்போது ஓர் அட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தால் இக்குழப்பம் நேராது. பழைய வெஸ்பாக்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவற்றில் 7 மில்லிமீற்றர் மரையுள்ள, 11 ஆம் இலக்கச் சாவி கொள்ளும் ஆணிகள் இருக்கும். சாதாரணக் கடையில் அவை எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்பதற்காக 6 ஐயோ 8 ஐயோ அதில் திணித்துவிடுகிறார்கள்.

மீண்டும் பூட்டும்போது இரு முகங்களிலும் ஒட்டியுள்ள பழைய காஸ்கெற்றை மரத்துண்டாலோ பிளாஸ்ரிக்காலோ சுரண்டி எடுக்கவேண்டும். கத்தி வேண்டாம். எல்லா ஆணிகளையும் விரலால் இயன்றவரை திருகிய பின், நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, குறித்த அளவின் பாதிக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு இன்னொரு சுற்று என இறுக்கவேண்டும். ஒரு மூலையை முற்றாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வதே பெட்டி கோணுவதற்குக் காரணம். சிலிண்டர் தலையின் நட்டுகளுக்கும் இதே ஒழுங்குதான்.

காந்தச் சக்கரத்தின் நட்டை இறுக்கும்போது சக்கரம் சுழலாதபடி அதன் காற்றிதழ்களுக்கிடையே திருப்புளியைச் செருகும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதழ் முறியும், சமநிலை கெடும். அதற்கெனப் பிடிகருவி மலிவாகவே கிடைக்கிறது. அச்சுத் தண்டின் கூம்புப் பகுதியையும் சக்கரத்தின் உட்பகுதியையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கவும் வேண்டும். சக்கரத்தைப் பிடித்துவைப்பது அந்தக் கூம்பின் இறுக்கமே. சிறு பிறைவடிவச் சாவி நிலையைக் காட்டுவதற்கு மட்டும் உள்ளது. நட்டுத் தளர்ந்தால் அது வெட்டுண்டு, தீப்பொறி விழும் நேரம் மாறிவிடும்.

பூட்டி முடிந்ததும் உடனே உதைத்து இயக்கவேண்டாம். காபுரேற்றரையும் புகைக்குழாயையும் கழற்றி, அவ்விடங்களை ரப்பரால் அடைத்து, தீப்பொறிக் கட்டையின் துளை வழியாகச் சைக்கிள் பம்பினால் 0.4 பார் அளவுக்குக் காற்றை ஏற்றவேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் ஒயில் சீல்கள் பிதுங்கும். சவர்க்கார நீரைப் பொருத்துகளில் பூசினால் குமிழி வரும் இடமே குற்றவாளி. சில நிமிடங்கள் அழுத்தம் இறங்காமல் நின்றால் எஞ்சின் வேலைக்குத் தயார். பெற்றோல் புழங்கும் இவ்வேலைகளை மாடிக் குடியிருப்பின் குசினியில் செய்யவேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். குளிருக்கு அஞ்சிப் பலர் அங்கேதான் செய்கின்றனர்.

முதல் நாள் மெதுவாக ஓட்டி, எஞ்சினை இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாட் காலையில் சிலிண்டர் தலையின் நட்டுகளை மட்டும் அதே அளவுக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது தொடக்கூடாது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், சூட்டில் காணும் இறுக்கம் ஆறிய பின் இராது. கம்பிச் சுருள் பொருத்துவதில் வாசகருக்கு ஐயம் இருந்தால், ஆணியின் விட்டத்தையும் துளையின் ஆழத்தையும் குறித்து மீண்டும் எழுதலாம்.