பக்க விளைவைக் கேட்பது சலுகை அல்ல, சட்ட உரிமை

“மாத்திரையைப் போடு, சரியாயிடும்.” மனச்சோர்வுக்கு மருத்துவமனை போகும் நம் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்கும் விளக்கம் இவ்வளவுதான். மூன்றாம் நாள் வயிறு புரட்டுகிறது, தூக்கம் போகிறது. பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். பழி யார் மேல்? “இதுங்களுக்கு ஒழுங்கா மருந்து சாப்பிடத் தெரியாது.”

ஆதிக்க சாதி வீடுகளில் சித்தப்பாவோ அத்தையோ டாக்டராக இருப்பார். ஒரு போன் போட்டால் போதும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்குக் கையிலிருக்கும் சீட்டுதான் எல்லாம். அதையும் விளக்காமல் அனுப்புவதற்குக் கூட்டம் மட்டும் காரணமல்ல; ‘இவர்களுக்குச் சொன்னால் புரியுமா’ என்ற பழைய சாதிப் புத்தியும்தான்.

சொல்லியிருக்க வேண்டியது என்ன? ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் கோளாறு வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். மனம் தேறத் தொடங்க 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பலர் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பாலுறவு நாட்டமும் குறையலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

இன்னொன்று நேராக நம் வயதைப் பற்றியது. தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் இளையோரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. விடுதி அறையில் தனியாக இருக்கும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் அனுப்புவது குற்றம். அப்படி எண்ணமோ பதற்றமோ கூடினால் உடனே மருத்துவரிடம் போங்கள். 14416 இலவச எண், இரவிலும் அழைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம் இயக்கத்திலும் சிலர் “போராளிக்கு எதற்கு மாத்திரை?” என்கிறார்கள். அவர்களின் சந்தேகம் புரிகிறது. ரோஹித் வெமுலாவின் சாவுக்குச் சொந்த விரக்திதான் காரணம் என்று அரசு அமைத்த ஆணையமே எழுதிய நாடு இது. மாத்திரை சாதியைக் குணப்படுத்தாது. அதற்காக, வதைபடும் தோழரை மருந்தில்லாமல் கிடக்கச் சொல்வது எந்தப் புரட்சி?

மனநல பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 22 சொல்கிறது: சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்க விளைவுகள் என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பிரிவு 18 சிகிச்சையில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியாகப் போகும் தோழருடன் ஒருவர் துணைக்குப் போங்கள். “என்ன பக்க விளைவு? எத்தனை நாள்? எப்போது திரும்ப வரணும்?” சீட்டை வாங்குமுன் மூன்றையும் கேளுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகள் அனைத்திலும் இவற்றைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லி மனு போடுவோம்.