எழுத்து சிதைவது எவர் குற்றம்?

தமிழ் தழைக்கிறது என்று மேடையெல்லாம் முழக்கம். இணையத் திரையிலோ 'கூ' இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது! ஓர் உலாவியில் ஒழுங்காய் நிற்கும் வரி, மற்றோர் உலாவியில் தலை வெட்டுண்டு நிற்கிறது. ஏன் என்று கேட்டால், "பொறியின் குணம், என் செய்வது?" என்று கைவிரிக்கின்றனர். தலைவிதி என்று தப்பிய பழைய பாட்டைப் புதிய பொறிக்கும் பாடுகின்றனர்!

விதியல்ல, தோழர்களே! விதிமுறையை மதியாததன் விளைவு.

1997-ஐ நினைவூட்டுகிறோம். இணைய எழுத்துருவுக்கு நெட்ஸ்கேப் ஒரு வடிவம் கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறொன்று கொண்டது. ஒன்றன் கோப்பு மற்றதற்கு உதவாது. அன்று அந்தச் சாக்குக்குப் பொருள் இருந்தது. இன்று? வோஃப் என்னும் பொது வடிவம் 2012-இலும், அதனினும் சுருங்கிய வோஃப்2 2018-இலும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயின. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ஏற்றுக்கொண்டன. பாதை போட்டாயிற்று, நடக்க மறுப்பவர் யார்?

கோப்பின் எடையைக் குறைக்கிறோம் என்று எழுத்துருவை வெட்டுகின்றனர். ககரமும் ஊகாரக் குறியும் கூடினால் 'கூ' என ஓருருவாக வேண்டும் என்னும் கட்டளை எழுத்துருவுக்குள்ளேதான் இருக்கிறது. அதையும் சேர்த்தே வெட்டுகின்றனர்! உயிரைப் போக்கிவிட்டு உடலுக்கு ஒப்பனையா?

எழுத்தின் உயர அளவு ஒரே கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குறிக்கப்படுகிறது. ஆப்பிள் கணினி ஒன்றைப் படிக்கும். விண்டோஸ் மற்றொன்றைப் படிக்கும். அவை ஒத்திராவிட்டால் ஓரிடத்தில் வரி ஏறும், வேறிடத்தில் இறங்கும். தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்புத் தராவிட்டால், உலாவி தானே மை பூசித் தடிக்கச் செய்யும். 'ண'கரத்தின் சுழிகள் அடைபடும். இவையெல்லாம் பொறியின் குணமா? செய்தவர் சோம்பலா?

இன்னொரு கொடுமை! எழுத்துரு வந்து சேரும்வரை, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 3 விநாடி வரை எழுத்தை மறைத்து வைக்கும். மலிவுக் கைப்பேசியில் விலை நிலவரம் தேடும் உழவர் வெற்றுத்திரையை வெறித்திருக்க வேண்டுமா? பொறியில் உள்ள எழுத்தை உடனே காட்டு, புதியது வந்ததும் மாற்று என ஒரு வரிக் கட்டளை எழுதினால் தீரும் துன்பம் இது. அந்த ஒரு வரிக்கும் மனமில்லை!

1978-இல் 'லை', 'னை' முதலியவற்றின் வடிவத்தையே அரசாணையால் சீர்திருத்திய நாடு இது. எழுத்தையே திருத்தத் துணிந்தோம். ஒரு கோப்பைத் திருத்தத் தயங்குவதா? தளம் சமைப்போரே, உங்கள் மேசைக் கணினியில் மட்டும் பார்த்து மகிழாதீர். மூன்று உலாவிகளிலும், ஏழையின் கைப்பேசியிலும் பார்த்த பின்னர் வெளியிடுவீர்.

பொறியைப் பழித்தது போதும்; பொறுப்பை ஏற்பீர்!