வாவிக்கரையில் கூடாரம் போடுவோர் குறித்து எமது நிலைப்பாடு

மட்டக்களப்பு நாவற்குடா வாவிக்கரையிலும் கிழக்கே கடற்கரையிலும் கூடாரம் அடித்து இரவு தங்க வருகிறவர்களை நாங்கள் எதிர்க்கவில்லை. வரட்டும், தங்கட்டும். ஆனால் இந்தக் கரை யாருமில்லாத வெறும் நிலம் என்ற நினைப்போடு நடந்துகொள்வதை இனிமேலும் பொறுத்துப்போக மாட்டோம். இங்கே குடியிருக்கிறவர்களும் வாவியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர்களும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

எங்கள் ஊர் மேற்கே வாவிக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். சித்திரை தொடங்கிக் கச்சான் காற்றுக் காலம் முழுவதும் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். வெளியூர்க்காரர் வருவதும் அப்போதுதான், கரைவலை இழுப்பதும் அப்போதுதான். கரைவலைக்காரர் வெறுங்காலோடு மணலில் குதியை ஊன்றிக் கயிறு இழுக்கிறார்கள். வாவியில் வீச்சுவலை போடுகிறவர் இடுப்பளவு தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத சேற்றில் கால் வைத்து நடக்கிறார். முதல்நாள் இரவு யாரோ உடைத்துப்போட்ட போத்தல் மறுநாள் விடியற்காலையில் அவருடைய காலைத்தான் கிழிக்கும். கால் கிழிந்தவருக்கு அந்தக் கிழமை உழைப்பு இல்லை. நாள் சம்பளத்திலும் பங்குக் காசிலும் வாழும் குடும்பத்துக்கு ஒரு கிழமை என்பது சின்ன விடயம் அல்ல. ஆகவே கண்ணாடிப் போத்தலைக் கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது எங்கள் முதல் கோரிக்கை. மற்ற எதையும் பேசித் தீர்க்கலாம். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அடுத்தது நெருப்பு. சமைத்து முடித்ததும் தணலை மணலால் மூடிவிட்டுப் போவது பலருடைய வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மணலுக்குள் புதைந்த தணல் பல மணி நேரம் சூடு ஆறாமல் கிடக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் அந்த வழியே ஓடி வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே இடத்தை விட்டுப் போக வேண்டும். விறகுக்காகக் கண்டல் மரங்களில் கை வைக்கவே கூடாது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்குள்ளேதான். ஒரு இரவுத் தேநீருக்கு ஒரு கிளையை முறிப்பது எங்கள் அடுத்த பருவத்து இறாலில் கை வைப்பது.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பௌர்ணமி தினம் போயா விடுமுறை என்பதால் கூட்டம் அதிகம் வருவது அன்றுதான். மட்டக்களப்பின் பாடும் மீனைக் கேட்க வாய்ப்பானதென்று முன்னோர் சொல்லி வந்ததும் அதே நிலவு இரவைத்தான். கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் பிடியில் காது வைத்துக் கேட்கிற பழக்கம் இன்றும் இருக்கிறது. அதைக் கேட்கவென்று தூரத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. பெரிய சவுண்ட் பொக்ஸ் ஒன்று கரையில் அலறினால் வாவியில் வேறெதுவும் கேட்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும், நோயாளிகளும், விடியுமுன் தொழிலுக்கு எழும்ப வேண்டியவர்களும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது கூடாரத்துக்குள் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று 2007-ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நேர எல்லையையே கூடாரக்காரரும் பின்பற்ற வேண்டும் என்கிறோம். எங்கள் கோயில் சடங்குக்கும் கலியாண வீட்டுக்கும் இது பொருந்தும். ஊருக்கு ஒரு நியாயம், வந்தவருக்கு ஒரு நியாயம் என்று நாங்கள் கேட்கவில்லை.

குப்பை பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லஞ்ச் சீட்டும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதல் இந்த நாட்டில் தடை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி போன்றவை 2023 ஒக்டோபர் முதல் தடை. கொண்டுவந்ததைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். விட்டுப்போகும் கோப்பையிலும் சிரட்டையிலும் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். இறைச்சி மிச்சத்தை வாவிக்குள் எறிவது இன்னும் மோசம், வாவியில் முதலை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மலசலம் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நாங்கள் வெளிப்படையாகப் பேசுகிறோம். நீர்நிலையிலிருந்து 60 மீற்றர் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தால் போதும் என்று மேல்நாட்டு முகாம் வழிகாட்டிகள் சொல்கின்றன. மலைக்காட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் நிலத்தில் வாவியை விட்டுத் தள்ளிப்போனால் கிணறு, கிணற்றை விட்டுத் தள்ளிப்போனால் கடல். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஆழமில்லாமலே கிடக்கிறது. அதைத்தான் எங்கள் கிணறுகள் தருகின்றன. ஆகவே கழிப்பறை இல்லாத இடத்தில் இங்கே கூடாரம் இருக்கக் கூடாது. இந்தக் குறைக்கு வருகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமும் அல்ல. மாநகர சபை கழிப்பறை கட்டாமல் இருக்கும்வரை அவர்கள் எங்கே போவார்கள்?

கூடாரமும் இரவுத் தங்கலும் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் வழியாக உகந்தை போய், குமண, யால காடுகளைக் கடந்து போகிறது. யாத்திரிகர்கள் மரத்தடியில் சமைத்து மரத்தடியில் படுக்கிறார்கள். முதலில் வந்தவர் பின்னால் வருகிறவருக்கு இடம் விடுகிறார், அடுப்புக் கல்லை அடுத்தவருக்காக விட்டுப்போகிறார், முன்பின் தெரியாதவரையும் சாமி என்று அழைத்துச் சோறு பகிர்கிறார். அந்தக் காட்டுவழியிலும் பொலித்தீன் சேர்வது உண்மை. அதைப் பொறுக்கி வெளியே கொண்டுவரவும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள். வருகிறவர்களிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

முற்றாகத் தடை செய்யுங்கள் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். அவர்களுடைய கோபம் எங்களுக்குப் புரிகிறது, ஆனால் அந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. ஸ்கொட்லாந்தில் திறந்த வெளியில் கூடாரம் போடும் உரிமையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்தது. ஆனால் அந்நாட்டின் லொக் லோமண்ட் ஏரிக்கரையில் குப்பையும் குடியும் மரம் வெட்டுவதும் தாங்க முடியாமற்போக, 2017 முதல் மார்ச் தொடங்கி செப்டெம்பர் வரை அனுமதி இல்லாமல் அங்கே பல இடங்களில் கூடாரம் போட முடியாது. சிலர் செய்த வேலைக்கு ஒழுங்காக வந்துபோனவர்களும் சேர்த்து இழந்தார்கள். இங்கே அப்படி நடக்க வேண்டாம். கரையில் தேநீரும் இறாலும் விற்று, தோணிச் சவாரி ஓட்டி நாலு காசு பார்க்கிற குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறோம். ஒழுங்கு கேட்கிறோம் என்ற பெயரில் எவரும் கூடாரத்துக்குள் எட்டிப்பார்ப்பதையும், எந்த ஊர், என்ன மதம், கூட வந்தது யார் என்று விசாரிப்பதையும், பெண்களின் உடுப்பைப் பற்றிப் பேசுவதையும் நாங்கள் ஏற்க மாட்டோம். அப்படிச் செய்கிறவர் எங்கள் ஆளாக இருந்தால் முதலில் நாங்களே கேட்போம். குறை இருந்தால் நேரில் மரியாதையாகச் சொல்வது, கேட்காவிட்டால் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிப்பது, இந்த இரண்டு வழிதான்.

மண்முனை வடக்குப் பிரதேச செயலகமும் மட்டக்களப்பு மாநகர சபையும் கரையோரம் பேணல் திணைக்களமும் மீனவர் சங்கங்களையும் அழைத்து ஒன்றாக உட்கார வேண்டும். தோணி ஏற்றும் துறையையும் கரைவலை இழுக்கும் பாட்டையும் விலக்கி, கூடாரத்துக்கென ஓர் இடத்தை அளந்து குறியுங்கள். அங்கே கழிப்பறையும் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்புப் பலகையும் வையுங்கள். வாரக் கடைசியிலும் போயா விடுமுறை முடிந்த மறுநாளும் குப்பை எடுக்கும் வண்டி அங்கே வர வேண்டும். இடத்தைப் பராமரிக்க எங்கள் ஊர் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள், அதற்கு முறையான கூலி ஒதுக்குங்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடாரத்தை விரிக்குமுன் கரையில் வலை தைத்துக்கொண்டிருக்கும் எவரிடமாவது "அண்ணே, இதிலே போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த இடம் தொழிலுக்கு வேண்டும், எங்கே தண்ணீர் ஏறும், எங்கே முதலைப் பயம் என்று அவர் சொல்லித் தருவார்.

சித்திரையில் அடுத்த பருவம் தொடங்குகிறது. அதற்கு முன் கூடாரத்துக்கான இடம் குறிக்கப்பட வேண்டும்.