எத்தனை கிலோ வேண்டும்?

ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த சலவை இயந்திரம் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் இடம்பிடித்துவிட்டது. மிதிவண்டி வாங்குவதென்றால்கூட நாலு பேரைக் கேட்கும் நாம், இதை வாங்கும்போது மட்டும் கடைக்காரரின் ஒரே கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். "வீட்டில் எத்தனை பேர்?" என்பதே அந்தக் கேள்வி. நாலு பேர் என்றால் 7 கிலோ. ஆறு பேர் என்றால் 8 கிலோ. இது அரைகுறைக் கணக்கு என்பது என் கருத்து.

முதலில், கிலோ என்பது எதைக் குறிக்கிறது? இயந்திரத்தின்மேல் 7 கிலோ என்று ஒட்டியிருந்தால், அது நனையாத பருத்தித் துணியின் எடை. நனைந்த துணியின் எடை என்று நன்கு படித்தவர்களே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 7 கிலோவும் பருத்தித் துணிக்குரிய சுற்றுக்குத்தான் பொருந்தும். பாலியஸ்டர் துணிக்குரிய சுற்றில் முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் பாதி எடையைத்தான் ஏற்கும். விரைவுச் சுற்றில் அதனினும் குறைவு. இவையெல்லாம் உடன் வரும் கையேட்டில் அச்சாகியே இருக்கின்றன. படிப்பார்தாம் இல்லை! இரட்டைத் தொட்டி இயந்திரத்திலோ இன்னொரு சங்கதி உண்டு. எழுதியிருக்கும் கிலோ துவைக்கும் தொட்டிக்கு உரியது. பிழியும் தொட்டி அதனினும் சிறியது. ஆகவே ஒரு முறை துவைத்ததை இரண்டு முறையாகப் பிழிய நேரிடும்.

இனி வீட்டுத் துணிக்கு வருவோம். நூல் சேலை ஒன்று ஏறத்தாழ அரை கிலோ. பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்தால் கால் கிலோவுக்குமேல் வரும். ஜீன்ஸ் கால்சட்டை அரை கிலோவைத் தாண்டும். சட்டை கால் கிலோவுக்குள் அடங்கும். ஈரிழைத் துண்டு இலேசானது. டர்க்கித் துண்டு கனமானது. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் நால்வர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று, மூன்றரை கிலோ சேரும். ஐயம் இருந்தால், பழைய பேப்பர்க்காரர் வரும்போது அவருடைய தராசிலேயே ஒரு நாள் அழுக்குத் துணியை நிறுத்துப் பார்க்கலாம். சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வீட்டில் நாள்தோறும் குழாயில் தண்ணீர் வந்து, நாள்தோறும் துவைப்பார்களானால் 6 கிலோ இயந்திரமே தாராளம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவென்றால் 7 கிலோ துணி சேர்ந்துவிடும். உருளையை வாய்வரை அடைத்தால் துணி புரளாது, அழுக்கும் போகாது, சோப்புத்தூள் வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஒரு சாணாவது இடம் வேண்டும். ஆகவே அங்கே 8 கிலோ. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், ஞாயிறன்று மட்டும் துவைக்கும் வீடென்றால் 24 கிலோ! அதற்கு ஈடான இயந்திரம் கிடைத்தாலும் அவ்வளவையும் உலர்த்தக் கொடி ஏது? அவர்களுக்குத் தேவை பெரிய இயந்திரம் அன்று; வாரத்தின் நடுவே இன்னொரு துவைப்பு நாள். பாருங்கள், அதே நாலு பேர்தாம். விடை மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

"பெரிதாக வாங்கிப் போட்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமே" என்பார்கள். மேலிருந்து துணி போடும் இயந்திரம் ஒரு முழுச் சுற்றுக்கு நூறு லிட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ தண்ணீர் குடிக்கும். குடக் கணக்கில் ஆறேழு குடம். முன்பக்கக் கதவுள்ளது அதில் ஏறத்தாழப் பாதியில் முடித்துவிடும். பாதித் துணி போட்டால் பாதித் தண்ணீர் போதும் என்று எண்ணுவது தவறு. குறையும், ஆனால் அந்த விகிதத்தில் குறையாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிச் சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காட்சியை மறந்தவர்தாம் பத்துக் கிலோ இயந்திரத்தில் மூன்று சட்டையைச் சுழலவிடுவார்கள். தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளின் போர்வைக்காக ஆண்டு முழுதும் பெரிய இயந்திரத்தைக் கட்டியழ வேண்டியதில்லை. கனத்த ரஜாயைத் தனியே போட்டால் நனைந்து ஒருபக்கமாய்ச் சுருண்டு, எடை சமமில்லாமல் இயந்திரம் பிழிய மறுத்து நின்றுவிடும். பவானி ஜமக்காளத்துக்குச் சலவைக்கடையே மேல்.

அதற்காகச் சிறியதை வாங்குவதையும் நான் ஆதரிக்கவில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் என்று சிறியதைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றே ஏறத்தாழ ஒரு கிலோ. அது அதற்குள் சரியாகப் புரளாது. ஆகவே விரிப்பும் திரைச்சீலையும் அம்மாவுக்கு. சட்டையும் துண்டும் இயந்திரத்துக்கு. எளிதானதை இயந்திரமும் கடினமானதை மனிதரும் செய்கிற இந்த வேலைப் பங்கீட்டை எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் நாம் படித்ததில்லை. இயந்திரம் வந்தபின்னும் துவைகல் ஓயாத வீடுகள் நம்மிடையே எத்தனை!

இந்நிலைக்குக் காரணம் வெளிப்படை. பணம் கொடுப்பவர் தந்தை, துவைப்பவர் தாய், கிலோவைத் தேர்ந்தெடுப்பவர் கடைக்காரர். கதவு மேலே இருந்தால் இடுப்பு வளையாது, முன்னே இருந்தால் தண்ணீர் மிச்சம் என்னும் நியாயங்களை எடைபோட வல்லவர் துவைக்கிறவரே. குழாயில் தண்ணீர் வேகமாய் வருமா, வாளியில் மொண்டு ஊற்ற வேண்டுமா என்பதும் அவருக்குத்தான் தெரியும். வாளியில் ஊற்றும் வீட்டுக்கு இரட்டைத் தொட்டி இயந்திரமே ஏற்றது. அதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்ததும் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழும். கடைக்குப் போகுமுன் விரிப்பு எத்தனை, தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை, கொடி எவ்வளவு நீளம் என்று அம்மாவைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானால் அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும்.