‘உங்கள் பிராண்ட் என்ன?’ என்று கேட்கிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி நடந்தது. அங்கே வேலை செய்யும் நண்பரோடு போயிருந்த நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைப்பு ‘பர்சனல் பிராண்டிங்’. லிங்க்ட்இன் பக்கத்தில் என்ன படம் வைப்பது, முப்பது நொடியில் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது என்று பயிற்றுநர் அடுக்கிக்கொண்டே போனார். பிறகு, “உங்கள் கதையைச் சொல்லுங்கள். உண்மையாக இருங்கள். உண்மைதான் விற்கும்” என்றார்.

ஒரு மாணவி எழுந்தார். அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், குடும்பத்தில் தான்தான் முதல் பட்டதாரி என்றார். பயிற்றுநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அருமையான கதைம்மா! பதிவாப் போடு, லைக் குவியும்” என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, “ஆனா இன்டர்வியூல இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. அப்பா சொந்தத் தொழில்னு சொல்லிடு” என்றார்.

“அப்போ உண்மையா இருக்கணுமா, வேணாமா சார்?” என்று கேட்டார் அந்த மாணவி. அரங்கம் சிரித்தது. பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் நமக்குப் பிராண்டிங் வகுப்பு எடுக்க முடியாது.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? 1997-இல் அமெரிக்காவின் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் டாம் பீட்டர்ஸ் என்ற மேலாண்மை எழுத்தாளர் ‘நீ என்கிற பிராண்ட்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவரும் ஒரு கம்பெனி, அதற்குத் தலைமை நிர்வாகியும் அவரே என்பதுதான் சாரம். நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த காலம் அது. வேலைப் பாதுகாப்பு போனது. அதற்கான பொறுப்பு மட்டும் தொழிலாளியின் தலையில் வந்து விழுந்தது. வேலை கிடைக்கவில்லையா? உன் பிராண்ட் சரியில்லை!

இந்தியாவில் இது இன்னும் பெரிய பொய். ‘பிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படையே சூடு. மாடு யாருடையது என்று காட்ட அதன் தோலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் குறி. நம் சமூகத்தில் அந்தச் சூட்டைப் பிறக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். பெயர், ஊர், தெரு, அப்பாவின் தொழில் எல்லாமே குறிகள். முகவரியில் ‘காலனி’ என்று ஒரு சொல் இருந்தால் போதாதா?

இது வெறும் மனக்குறை இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டெவெல்லும் 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தகுதி, ஒரே மாதிரி அனுபவம். பெயர் மட்டும் வேறு. ஆதிக்கசாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முப்பது நொடி அறிமுகத்தை எவ்வளவு அழகாகத் தயாரித்து என்ன பயன்? கதவே திறக்கவில்லையே!

கதவு திறந்தாலும் உள்ளே இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: “அப்பா என்ன செய்கிறார்?” அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் முக்கியம் என்றவர்களே ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பதை இயல்பான நடைமுறையாகச் சொன்னார்கள். ‘தகுதி, திறமை’ என்ற பழைய கள், ‘பர்சனல் பிராண்ட்’ என்ற புதிய மொந்தையில் வருகிறது. அவ்வளவுதான்.

உலகின் மிகச் சிறந்த பயோடேட்டாவோடு ஒருவர் 1917-இல் பரோடாவுக்கு வேலையில் சேர வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் படித்தவர். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. அண்ணல் அம்பேத்கரே இதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு இல்லாத ‘பிராண்ட்’ நமக்கு வாய்த்துவிடுமா?

இன்னொரு விலையும் இருக்கிறது. “அரசியல் பதிவு போடாதே, ரெக்ரூட்டர் பார்ப்பார்” என்பது பிராண்டிங்கின் முக்கியமான பாடம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தபோது, அதைப் பகிர விரல் தயங்கிய இளைஞர்களை எனக்குத் தெரியும். ஆண்ட பரம்பரை என்று முகப்பில் எழுதிக்கொள்பவனுக்கு இந்தத் தயக்கம் வருகிறதா? அவனுடைய சாதிப் பெருமை ‘பண்பாடு’. நம்முடைய கோபம் ‘நெகட்டிவிட்டி’.

“அப்படியானால் லிங்க்ட்இன் கணக்கை மூடிவிடவா தோழர்?” என்று கேட்பீர்கள். வேண்டாம். வீட்டில் அரிசி வாங்க வேண்டும், கல்விக் கடன் கட்ட வேண்டும். நேர்காணலில் பேசவும் பயோடேட்டா எழுதவும் நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கருவியாக மட்டும் வையுங்கள். வேலை கிடைக்காத இரவில், “என்னை எனக்கு விற்கத் தெரியவில்லை” என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். குற்றவாளி நீங்கள் இல்லை.

பெயரை மாற்றி எழுதும் வேலையை நம் மண் வேறு விதமாகச் செய்திருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. பெரியார் ‘நாயக்கர்’ பட்டத்தை உதறினார். யாரும் தன் சம்பளத்தை உயர்த்திக்கொள்ள அதைச் செய்யவில்லை. எல்லார் மீதும் இருந்த குறியை எல்லாரும் சேர்ந்து அழிக்கப் பார்த்தார்கள். சாதி அதோடு சாகவில்லை என்பது உண்மை. ஆனால் தனி ஆள் தன் குறியை மறைத்துக்கொள்வதற்கும், ஊரே கூடி அந்த இரும்பைப் பிடுங்கி எறிவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது.

இன்று பிடுங்க வேண்டிய இரும்பு எது? தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்போம். எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்போம். நேர்காணலில் அப்பாவின் தொழிலைக் கேட்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். அதுவரை, உள்ளே போனவர்கள் வெளியே நிற்பவர்களுக்குக் கை கொடுங்கள். ‘நம்ம பையன்’ என்று தலைமுறைகளாக ஆள் சேர்த்தவர்கள் யாரும் அதை வெட்கமாக நினைத்ததில்லை. தம்பி தங்கைகளின் பயோடேட்டாவைத் திருத்திக் கொடுங்கள், காலியிடம் வந்தால் சொல்லுங்கள், வாங்கும் சம்பளத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

தங்கையே, அன்று யாரும் உனக்குப் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே இரு. உன் அம்மாவின் உழைப்பு லைக் வாங்கும் கதையும் இல்லை, மறைக்க வேண்டிய கறையும் இல்லை. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற நிலைதான் மாற வேண்டும். அதை உன் தலையில் மட்டும் சுமத்த மாட்டோம். சேர்ந்தே மாற்றுவோம்.