"ஒர்க் ஷீட் எங்கே?" என்று கேட்கும் புண்ணியவான்களுக்கு

எங்கள் சித்தி கோயம்புத்தூரில் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை, மொத்தம் எட்டுக் குழந்தைகள். அவரும் உதவிக்கு ஒரு ஆயாம்மாவும். மாதாமாதம் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை (பி.காம் படிக்கிறவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்?). அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜூன் மாதம் ரெண்டு குழந்தைகளை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தனுக்கு ரெண்டே கால் வயசு, இன்னொருத்திக்கு ரெண்டரை. காரணம் சோறு சரியில்லை என்பதல்ல, விழுந்து அடிபட்டது என்பதல்ல. "ஏனுங்க்கா, வந்து ஏழு மாசம் ஆச்சு, இன்னும் ஏபிசிடி ஒண்ணும் எழுத வரலைங்களே? சும்மா தண்ணியில விளையாடிட்டு வர்றான். அதுக்கு வீட்டுலயே விட்டிருக்கலாமே." இப்போது அந்தப் பையன் போகிற இடத்தில் பை உண்டு, டை உண்டு, வாரம் பத்து ஒர்க் ஷீட் உண்டு. புள்ளி வைத்த கோட்டின் மேல் பென்சிலை இழுக்க வேண்டும். அப்பா அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறார். அந்தக் கோட்டை இழுத்தது அப்பாவா பையனா என்பது கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது :-)

முதலில் இந்தப் பென்சில் விஷயத்தை முடித்துவிடுவோம். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே வெறும் குருத்தெலும்பு. வருஷங்கள் போகப் போக ஒவ்வொன்றாகத்தான் கெட்டியாகும். கடைசி எலும்பு கெட்டியாக ஒன்பது, பத்து வயசுக்கு மேலே ஆகிவிடும். ரெண்டு வயசுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் பெரும்பாலும் ரெண்டோ மூணோதான் தெரியும். டாக்டர்கள் எலும்பின் வயதைக் கணக்கிட கையைத்தான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், காரணம் இதுதான். இந்தக் கையில்தான் பென்சிலைத் திணித்து, கோட்டுக்கு வெளியே போகாதே என்கிறோம்.

அந்தக் கைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று சித்தி வீட்டு ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொடுத்தால் பிசைவார்கள், கிள்ளுவார்கள், உருட்டுவார்கள். கொடியில் துணி கிளிப் மாட்டச் சொன்னால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்த வேண்டும், நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற அதே பிடி. ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணி ஊற்றுவது இருக்கிறதே, அது பெரிய ஆராய்ச்சி. சின்ன டம்ளரில் பெரிய டம்ளர் தண்ணி கொள்ளாது என்று ஒரு வாண்டு கண்டுபிடிக்க நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் அவன் சட்டை நனைந்தது. அந்த நனைந்த சட்டையைத்தான் அவன் அம்மா புகாராகக் கொண்டு வந்தார்.

தேங்காய்ச் சிரட்டை, டீ வடிகட்டி, மரச் செப்பு, அட்டைப்பெட்டி, நடைவண்டி, ஒரு தொட்டி மணல். சித்தியின் "உபகரணங்கள்" அவ்வளவுதான். கடைசியாக வாங்கியது ஒரு பெரிய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி, அதுவும் ஓசி. அது மூணு வாரம் பஸ்ஸாக ஓடி, ஒரு வாரம் வீடாக இருந்து, நாய்க்குட்டிக் கூண்டாக முடிந்தது. பஸ்ஸாக ஓடின வாரங்களில் "எனக்கு ஒரு டிக்கெட்", "இறங்கணும் நிறுத்து", "நீ பின்னாடி உக்காரு" என்று ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவர்கள் முழு வாக்கியம் பேச ஆரம்பித்தார்கள். எந்த ஒர்க் ஷீட்டில் இது வரும்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்ன தியரி" என்பார்கள் சிலர். சரி, வெள்ளைக்காரன் பங்கும் இருக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-இல் ஆரம்பித்த இடத்துக்கு அப்புறம் அவரே வைத்த பெயர்தான் கிண்டர்கார்டன். அர்த்தம் குழந்தைகள் தோட்டம். அதில் அவர் கொடுத்தது பந்தும் மரக்கட்டைகளும். எல்கேஜி, யூகேஜி என்கிறோமே, அதில் "கேஜி" அந்தத் தோட்டம்தான். தோட்டத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மாண்டிசோரி அம்மையாரும் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயர் இல்லாத தெரு கிடையாது, பெயர்ப்பலகைக்குள்ளே போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்.

ஆனால் வெள்ளைக்காரனிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. நம் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஆண்பாலுக்குக் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அதாவது தவழ்ந்து ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை நடப்பது, நிலாவைக் கூப்பிடுவது, மணல் வீட்டை மிதிப்பது, பறை கொட்டுவது, தேர் இழுப்பது, ஊஞ்சலாடுவது. பத்துப் பருவத்தில் ஒன்றுகூட எழுத்துப் பருவம் இல்லை. புலவர்கள் என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவர்களா?

பெற்றோரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எல்கேஜி இன்டர்வியூவில் ஏபிசிடி கேட்பார்கள், தெரியவில்லை என்றால் சீட் இல்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். பள்ளிச் சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 50,000 வரை அபராதம். சட்டத்துக்கு விரோதமாக நடக்கும் ஒரு பரீட்சைக்கு, பேம்பர்ஸ் போட்ட குழந்தையை ஒரு வருஷம் முன்னாடியே தயார் செய்கிறோம். அந்தப் பள்ளியிடம் போய் "இது தப்புங்க" என்று சொல்லத் தைரியம் இல்லை, சித்தியிடம் வந்து "ஒர்க் ஷீட் எங்கே" என்று கேட்க மட்டும் தைரியம் வருகிறது.

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருகிறேன். கணக்கு.

எட்டுக் குழந்தைகள், தலைக்கு மாதம் 5,000. வரவு 40,000. செலவில் ஆயாம்மா சம்பளம் 13,000. பால், பழம், சாப்பாடு 7,000. கரண்ட், கேஸ், தண்ணி 3,000. சோப்பு, டெட்டால், துணி துவைப்பது 1,500. சாமான் ரிப்பேர், புதுசு 1,000. மொத்தம் 25,500. மிச்சம் 14,500. ஆஹா, வீட்டில் உட்கார்ந்தபடியே 14,500 என்று மாமா மாதிரி நீங்களும் நினைக்கலாம். காலை எட்டு மணிக்கு முதல் குழந்தை வரும், மாலை ஆறரைக்குக் கடைசிக் குழந்தை போகும். பத்தரை மணி நேரம், 26 நாள். 273 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 53 ரூபாய். இதில் ஹாலுக்கு வாடகை சேர்க்கவில்லை. அந்தப் போர்ஷனை வாடகைக்கு விட்டால் 6,000 வரும், அது மறைமுகச் செலவு. அதையும் கழித்தால் மணிக்கு 31 ரூபாய். ரெண்டு குழந்தைகள் நின்றுவிட்ட ஜூன் மாதம் மிச்சம் 6,250. ஆயாம்மா சம்பளத்தைக் குறைக்க முடியுமா? ஆறு குழந்தைகளுக்கும் ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தனைக் கழுவிவிடப் போகும்போது மற்ற ஐந்தை யார் பார்ப்பது?

பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்தால், தன் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள அவர்கள் கொடுப்பது 18 ரூபாய் சொச்சம். அதில்தான் பேரம். "பையன் பத்து நாள் ஊருக்குப் போய்ட்டான்க்கா, பாதி ஃபீஸ் போதுமில்ல?" மே மாசம் முழுக்க மூடிக் கிடக்கிற ஸ்கூலுக்கு வருஷ ஃபீஸை வாய் திறக்காமல் கட்டுகிற அதே ஆள். பையன் ஊருக்குப் போனால் மிச்சமாவது அவன் குடிக்கிற பாலும் சாப்பாடும், பத்து நாளைக்கு முந்நூறு ரூபாய். ஆயாம்மாவும் கரண்டும் சித்தியின் நேரமும் ஊருக்குப் போவதில்லை. நிலையான செலவு, மாறும் செலவு என்று பதினொன்றாம் வகுப்பு காமர்ஸிலேயே வருகிறதய்யா!

காலேஜில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இங்கே ஒரு இடத்தில் வம்பு பண்ணும். ஒன்பதாவது குழந்தையைச் சேர்த்தால் கூடுதல் செலவு வெறும் 900 ரூபாய்தான். வரவு 5,000. 4,100 லாபம். பத்தாவது குழந்தைக்கும் அப்படியே. பதினைந்து சேர்த்தால் சித்தி கையில் இப்போது இருப்பதைப்போல கிட்டத்தட்ட மூணு மடங்கு நிற்கும். பேப்பரில் கணக்கு கச்சிதம். பதினைந்து வாண்டுகளும் ரெண்டு ஆளும் என்றால் தண்ணித் தொட்டி வைக்க முடியாது, மணல் கிடையாது, வாசலுக்குக் கூட்டிப் போக முடியாது. டிவியைப் போட்டு வரிசையாக உட்கார வைக்க வேண்டியதுதான். மலிவான காப்பகங்களில் நடப்பது அதுதான், அதுவும் சில இடங்களில் "ரைம்ஸ் கிளாஸ்" என்ற பெயரில். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ரெண்டு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. ஓடியாடுவதற்கு மட்டும் நாளைக்கு 180 நிமிஷம் கேட்கிறது.

பாமோல் என்று ஒரு பொருளாதார அறிஞர் 1960-களில் ஒன்று சொன்னார். நாலு பேர் வாசிக்கும் இசையை வாசிக்க பீத்தோவன் காலத்திலும் நாலு பேர், இன்றும் நாலு பேர். தொழிற்சாலை மாதிரி இங்கே உற்பத்தித் திறனைக் கூட்ட முடியாது, மற்ற இடத்தில் சம்பளம் ஏற ஏற இதன் விலையும் ஏறத்தான் செய்யும். குழந்தை பார்ப்பதும் அப்படித்தான். ரெண்டு கைக்கு ஒரு சமயத்தில் ரெண்டு குழந்தைதான். விளையாட விடுவதற்கு ஆள் அதிகம் வேண்டும், உட்கார வைத்து எழுத வைக்க ஆள் குறைவாகப் போதும். ஒர்க் ஷீட் பள்ளிகள் பெருகுவதற்கு என் கணக்குப்படி முக்கியக் காரணம் இதுதான். கல்வி அது இது என்பதெல்லாம் மேல் பூச்சு. பெற்றோர் அதிகக் காசு கொடுத்து, குறைந்த ஆள் வைத்து நடத்தும் சரக்கை வாங்குகிறார்கள்.

அரசாங்கம் என்ன செய்கிறது? 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம்தான் இன்று ஊரெல்லாம் இருக்கும் அங்கன்வாடி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா". பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிற அம்மாவுக்கு அது உதவாது, அதற்குள் பூட்டிவிடுவார்கள். 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். எங்கள் ஏரியாவில் ஐம்பது பேர் வேலை செய்கிற இடம் எத்தனை? ஜெராக்ஸ் கடை, துணிக்கடை, லேப், சின்னப் பட்டறை. இந்தப் பெண்களின் குழந்தைகளைச் சித்தி மாதிரி ஆட்கள்தான் தாங்குகிறார்கள்.

அதற்காக யார் வேண்டுமானாலும் வீட்டுக் கதவைத் திறந்து குழந்தைகளை அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. பாத்ரூமில் அரை வாளித் தண்ணி போதும், ஒன்றரை வயசுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது. ஒரு கண்ட்ரோல் கட்டாயம் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எழுதின கட்டட விதியை ஒரு வீட்டு ஹாலின் மேல் போட்டால் சித்தி மூடிவிட்டுப் போவார், பெரிய கட்டடம் வைத்திருப்பவன் மட்டும் மிஞ்சுவான். இங்கிலாந்தில் வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்கு என்றே தனிப் பதிவு இருக்கிறது. ஒரு ஆள் எட்டு வயதுக்குக் கீழே அதிகபட்சம் ஆறு குழந்தைகள், அதில் ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக மூன்றுதான். காப்பகங்களில் ரெண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாலுக்கு ஒரு ஆள் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒன்று என்று தளர்த்தினார்கள், அதற்கே அங்கே பெரிய சண்டை. சித்தி வீட்டில் யாரும் சொல்லாமலே நாலுக்கு ஒன்று.

நம்ம ஊரிலும் வீட்டுக் காப்பகத்துக்கு என்று ஒரு பதிவு வரட்டும். வருகிற அதிகாரி வகுப்பறை எத்தனை சதுர அடி என்று டேப் பிடிக்க வேண்டாம். வாளி காலியாக இருக்கிறதா, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆள், ஆபத்துக்கு ஓட பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, இதைப் பார்க்கட்டும். டிவி ஓடுகிறதா என்று பார்க்கட்டும். சுவரில் ஏபிசிடி சார்ட் இல்லையே என்று கேட்டால் சித்தி அவருக்கு ஒரு சிரட்டையும் ஒரு டம்ளர் தண்ணியும் கொடுத்து உட்கார வைப்பார்.